வாசகர் கேள்வி, எங்கள் பதில்: சிறுதுளை இரட்டைக் குழல் துப்பாக்கி

ரவை எனப்படும் சிறு உருண்டைகளைக் கூட்டமாகச் செலுத்தும் ரவைத் துப்பாக்கிகளில் துளை சிறுத்த இரட்டைக் குழல் வகையைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். துப்பாக்கி வைத்திருப்பதற்கும் வேட்டைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் உரிமமும் சட்டமும் தனித்தனியே உள்ளன. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்தச் சட்டங்களுக்கு உட்பட்டு, முறையான உரிமத்துடன் பயன்படுத்துவோருக்காகவே எழுதப்பட்டவை.

கேள்வி: என் தாய்மாமன் காலமான பிறகு அவர் உரிமத்தில் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி, சட்டப்படியான மாற்றங்கள் முடிந்து என் பெயருக்கு வந்திருக்கிறது. இரு குழல்களும் அருகருகே படுத்திருக்கும் அமைப்பு. கைக்கு மிகவும் இலேசாக இருக்கிறது. குழலின் அடிப்பக்கத்தில் 410 என்று பொறித்திருக்கிறது. இது சிறுவர்களுக்குப் பழக்கிவிடும் துப்பாக்கி என்கிறார் ஒரு நண்பர். தேர்ந்த கைக்குத்தான் இது சரிப்படும் என்கிறார் இன்னொருவர். உண்மையில் இது எந்த வேலைக்கு ஏற்றது?

பதில்: இரண்டாவது நண்பர் சொல்வதே சரி. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தத் துப்பாக்கியைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் எல்லாமே அந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொள்ளாததால் வருபவை.

முதலில் எண்ணைப் பார்ப்போம். துளையைக் குறிக்கும் ‘போர்’ (bore) என்னும் ஆங்கிலச் சொல்லோடு வழங்கும் 12 போர், 20 போர், 28 போர் என்னும் எண்கள் ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலின் துளைக்குச் சரியாக இருக்கும் என்பதைக் காட்டுகின்றன. ஆகவே எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்: 12 போரின் துளை ஏறத்தாழ 18.5 மி.மீ., 20 போருக்கு 15.6 மி.மீ., 28 போருக்கு 14 மி.மீ. உங்களுடைய 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது துளையின் விட்டத்தையே, அதாவது 0.410 அங்குலத்தையே, நேராகச் சொல்கிறது. மி.மீட்டரில் அது 10.4. பவுண்டுக் கணக்கில் சொல்வதானால் இதை 67 போர் அல்லது 68 போர் என்றுதான் அழைத்திருக்க வேண்டும். 12 போர்க் குழலின் வாய்ப் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

பரப்பு குறைந்தால் தோட்டாவில் அடைக்கக்கூடிய ரவையும் குறையும். 12 போரின் வழக்கமான வேட்டைத் தோட்டாவில் 32 கிராம் ரவை இருக்கும். இரண்டரை அங்குலத் 410 தோட்டாவில் இருப்பது 14 கிராம். 2.8 மி.மீ. விட்டமுள்ள ரவையானால் முன்னதில் சுமார் 250, பின்னதில் சுமார் 110. ஆனால் இரண்டிலிருந்தும் ரவை புறப்படும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். வினாடிக்கு 360 மீட்டரை ஒட்டியே இருக்கும். அதாவது, தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் 410 குழலிலிருந்து போகும் ஒரு ரவைக்கும் 12 போரிலிருந்து போகும் அதே அளவு ரவைக்கும் வலிமையில் வேறுபாடு கிடையாது. குறைவது ரவையின் எண்ணிக்கை மட்டுமே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவை விரிவை அளப்பதற்கு 30 அங்குல, அதாவது 76 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தைப் பயன்படுத்துவது வழக்கம். புறா, முயல் போன்ற உடலளவு கொண்டவற்றைத் தவிக்கவிடாமல் வீழ்த்த அந்த வட்டத்துக்குள் ஏறத்தாழ 120 ரவைகளாவது பரவியிருக்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். உங்கள் துப்பாக்கி 23 மீட்டர் தொலைவில் முக்கால் பங்கு ரவையை வட்டத்துக்குள் வைக்கிறது என்று கொள்வோம். 2.8 மி.மீ. ரவையானால் வட்டத்துக்குள் விழுவது சுமார் 82, போதாது. 2.4 மி.மீ. ரவையானால் தோட்டாவில் சுமார் 175 இருக்கும், வட்டத்துக்குள் 130 விழும். போதும், ஆனால் மிச்சமில்லை. இதே தொலைவில் 12 போர்க்காரரிடம் 2.4 மி.மீ. ரவைகள் 290-க்கும் மேல் வட்டத்துக்குள் இருக்கும். குறி சிறிது பிசகினாலும் அவருக்கு அந்த மிச்சம் கைகொடுக்கும், உங்களுக்குக் கொடுக்காது. நண்பர் தேர்ந்த கை என்று சொன்னது இதனால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான விடை. காடை, உள்ளான் போன்ற சிறு பறவைகள் காலடியிலிருந்து எழும்பி 15 முதல் 20 மீட்டருக்குள் கிடைக்கும் இடங்களில், 2 மி.மீ. அளவுள்ள சிறு ரவையுடன் இந்தத் துப்பாக்கி மிகச் சிறப்பாக வேலை செய்யும். புதர் விளிம்பில் அருகே எழும் முயலுக்கும், கிளையில் அமர்ந்த புறாவுக்கும், 23 மீட்டருக்குள் என்ற கண்டிப்போடு பயன்படும். தானியக் கிடங்கு, தோட்டம் ஆகியவற்றில் எலி போன்ற தொல்லைகளை ஒழிக்க இதைவிடப் பொருத்தமானது குறைவு. வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் விளையாட்டிலும் இதற்கு நிலையான இடம் உண்டு. அமெரிக்க முறை ஸ்கீட்டில் 12, 20, 28, 410 என்று நான்கு துளைகளுக்கும் தனித்தனிப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே சுடுபவர் நிற்கும் இடத்துக்கும் தட்டுகள் குறுக்கிடும் இடத்துக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 21 கெஜம்தான் என்பதால், 14 கிராம் ரவையும் போதுமானதாகிறது. போதும் என்றால் எளிது என்று பொருளல்ல. நால்வகைப் போட்டிகளில் கடினமானது 410 போட்டிதான்.

ஏற்காத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். உயரப் பறக்கும் வாத்து, திறந்த வெளியில் தொலைவில் பறக்கும் கௌதாரி, 30 மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் இதற்கு உரியவை அல்ல. ரவை அங்கே சென்று சேரும், அடர்த்தியாகச் சேராது. இரண்டோ மூன்றோ ரவைகள் பட்டு, உயிரோடு பறந்துபோய், எங்கோ மறைவில் நாட்கணக்கில் துன்பப்பட்டுச் சாகும் பறவையைச் சுட்டவர் பார்ப்பதில்லை. பார்க்காததால்தான் அது நடக்கவில்லை என்று பலர் நம்புகிறார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. களிமண் தட்டு சுடும் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். பின்னுதைப்பு குறைவாக இருக்கும் என்பதால் 410 இரட்டைக் குழல் வாங்கித் தரலாம் என்று எண்ணுகிறேன். சரியா?

பதில்: பின்னுதைப்பைப் பற்றி நீங்கள் எண்ணுவது சரி. 3.2 கிலோ எடையுள்ள 12 போர்த் துப்பாக்கி 32 கிராம் ரவையைச் செலுத்தும்போது தோளில் இறங்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால், 2.3 கிலோ எடையுள்ள 410 துப்பாக்கி 14 கிராம் ரவையைச் செலுத்தும்போது இறங்குவது ஏறத்தாழ கால் பங்குதான். ஆனால் பயிற்சியின் தொடக்கத்தில் கற்பவரைத் தாங்கிப் பிடிப்பது தட்டு உடையும் மகிழ்ச்சி. சரியாக முகத்தில் பொருத்தி, சரியாக வீசி, சிறிதளவே பிழைத்துச் சுட்ட தட்டு 20 போரில் உடையும், 410-இல் உடையாமல் போகும். தன்னிடம் பெரிய குறை இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண் சரியாகச் செய்ததையும் மாற்றத் தொடங்குவாள். இப்படிச் சோர்ந்து விலகிய இளையோரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒருவரிடமும் திறமைக் குறை இருக்கவில்லை.

28 போரோ, இலேசான 21 கிராம் தோட்டாக்களுடன் 20 போரோ வாங்கித் தாருங்கள். மிக இலேசான துப்பாக்கியைத் தேடாதீர்கள். எடை குறையக் குறைய வீச்சு பாதியிலேயே நின்றுபோகும், தட்டின் பின்னால் ரவை போகும். துளையைவிட முக்கியமானது, தோளில் ஊன்றும் பின்கட்டையின் நீளம். மகளின் கைக்கு நீளமான கட்டை கக்கத்தில் சிக்கும், முகம் கட்டையில் படியாது, சிறு உதைப்பும் கன்னத்தில் அறையும். வளர வளரச் சேர்த்துக்கொள்ளக்கூடிய தகடுகள் உள்ள கட்டையாகப் பாருங்கள். துளை சிறியதானாலும் வெடியோசை 140 டெசிபலைத் தாண்டும் என்பதால் செவிக்காப்பும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

ஓரிரு ஆண்டுகள் கழித்து அவளே 410 கேட்பாள். அப்போது வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: துளை சிறியது, வெடிமருந்தும் குறைவு, ஆகவே வீட்டைச் சுற்றிப் பயன்படுத்தும்போது ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவுதானே?

பதில்: இல்லை. இந்த எண்ணம் உள்ளவர்கள் இதைத் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். ரவை எவ்வளவு தூரம் போய் விழும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ரவையின் அளவு. அது எந்தத் துளையிலிருந்து புறப்பட்டது என்பதல்ல. பிரெஞ்சுப் படைத் தளபதி ஜூர்னே வகுத்த பழைய விதி ஒன்று இன்றும் பயன்படுகிறது: ரவையின் விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து 79-ஆல் பெருக்கினால் அது அதிகபட்சமாகப் போகக்கூடிய தொலைவு மீட்டரில் கிடைக்கும். 2 மி.மீ. ரவைக்கு ஏறத்தாழ 160 மீட்டர், 2.8 மி.மீ. ரவைக்கு 220 மீட்டர். 410-க்கும் இதே கணக்குதான், 12 போருக்கும் இதே கணக்குதான். 23 மீட்டருக்கு அப்பால் வேட்டைக்குப் பயன்படாத துப்பாக்கி, 150 மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் கண்ணைக் குருடாக்க வல்லது.

மிக அருகில் நிலைமை இன்னும் கடுமையானது. குழல் வாயிலிருந்து முதல் சில மீட்டர்களுக்கு ரவைகள் விரியாமல் ஒரே கட்டியாகச் செல்லும்; அந்தத் தொலைவில் 14 கிராம் என்பது சிறிய எடையே அல்ல. கல், சிமென்ட் தரை, தண்ணீர்ப் பரப்பு ஆகியவற்றில் பட்ட ரவை எதிர்பாராத திசையில் தெறிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கலாகாது.

கேள்வி: இரட்டைக் குழலில் எதற்காக இரண்டு விசைகள்? இப்போது ஒற்றை விசையுடன் வருகின்றனவே, அவை மேலல்லவா?

பதில்: ஒற்றை விசை பழகுவதற்கு எளிது, போட்டிக்கு அதையே பலரும் விரும்புகிறார்கள். ஆனால் சிறுதுளைத் துப்பாக்கியில், குறிப்பாக வேட்டைக்கு, இரட்டை விசைக்கே என் வாக்கு.

இரட்டைக் குழலின் உண்மையான சிறப்பு, இருவேறு வாய்ச் சுருக்கங்கள் ஒரே நேரத்தில் ஆயத்தமாக இருப்பதுதான். சோக் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சுருக்கம் ரவை விரிவை நெருக்கிவைப்பதற்காகக் குழல் வாயில் அமைக்கப்படுவது. வழக்கமான அமைப்பில் முன் விசை வலக் குழலை வெடிக்கும். அதில் சுருக்கம் குறைவு, அருகிலுள்ள குறிக்கு ஏற்றது. பின் விசை இடக் குழலை வெடிக்கும். அதில் சுருக்கம் மிகுதி, சற்றுத் தள்ளிய குறிக்கு ஏற்றது. பறவை எழும் அந்தக் கணத்தில் தொலைவைக் கண் அளந்துவிடும், விரல் உரிய விசைக்குப் போய்விடும். இடையில் எந்தப் பொத்தானையும் தள்ள வேண்டியதில்லை. பெரிய துளையில் இந்தத் தெரிவு தவறிப்போனாலும் ரவை மிகுதியாக இருப்பதால் சமாளிக்கலாம். 410-இல் 12 மீட்டர் குறிக்கும் 23 மீட்டர் குறிக்கும் ஒரே சுருக்கம் பொருந்தாது.

மற்றொரு நன்மையும் உண்டு. மடித்துத் திறந்த இரட்டைக் குழலைப் பார்த்த மாத்திரத்தில், அதில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் நிற்பவர் அனைவருக்கும் தெரியும். அடுக்கறையில் தோட்டா ஒளிந்திருக்கும் வேறெந்த வகைத் துப்பாக்கிக்கும் இந்த வெளிப்படைத்தன்மை கிடையாது. 1875-இல் ஆன்சன், டீலி இருவரும் அமைத்த விசையமைப்புக்குப் பின், குழலை மடித்துத் திறக்கும் செயலே உள்ளே மறைந்திருக்கும் குதிரைகளை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்திகளை, ஏற்றிவிடுகிறது. எனவே மூடிய நிலையில் தோட்டாவுடன் இருக்கும் துப்பாக்கியின் குதிரைகள் எப்போதும் ஏறியே இருக்கும். வேலி தாண்டும்போதும், வண்டியில் ஏறும்போதும், பிறரிடம் கொடுக்கும்போதும் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும். பாதுகாப்புத் தடுப்பை நம்பி மூடிய துப்பாக்கியைக் கைமாற்றக் கூடாது.

கேள்வி: என் பழைய 410-இல் மூன்று அங்குலத் தோட்டா உள்ளே போகிறது, குழலும் மூடுகிறது. அதிக ரவை கிடைக்கும் என்பதால் அதையே பயன்படுத்தலாமா?

பதில்: குழலில் தோட்டா உட்காரும் அறை மூன்று அங்குலம் என்பதற்கான குறி இல்லாவிட்டால் ஒருபோதும் கூடாது. தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, வெடித்து மடிப்பு விரிந்த பிறகு கூடு அடையும் நீளம். மடித்த நிலையில் அது குட்டையாக இருப்பதால் குட்டையான அறைக்குள்ளும் நுழைந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமின்றி, அறைக்கும் துளைக்கும் இடையிலுள்ள குறுகும் பகுதியில் போய் நெருக்கும். ரவையும், அதற்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தக்கையும் அந்த நெருக்கத்தினூடே பிதுங்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அழுத்தம் எகிறும். மூன்று அங்குல 410 தோட்டா 1933-இல் வின்செஸ்டர் 42 என்னும் மாதிரியோடுதான் வந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் இரண்டு அங்குல அறையும் உண்டு, இரண்டரை அங்குல அறையும் உண்டு.

உங்களிடம் உள்ளது பழையது என்கிறீர்கள். ஆகவே முதல் தோட்டாவுக்கு முன்பே தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்து அறையின் நீளம், குழல் சுவரின் கனம், உட்பள்ளம், குழல் பூட்டிக்கொள்ளும் இடத்தின் தளர்ச்சி ஆகியவற்றை அளக்கச் சொல்லுங்கள். குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைகளையும் படிக்கச் சொல்லுங்கள். கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போடக் கூடாது. இரும்பும் எஃகும் முறுக்கிப் பின்னிய வரிகள் தெரியும் டமாஸ்கஸ் குழல் என்றால், அழகுக்காக மாட்டிவைப்பதே நல்லது என்பேன். உள்ளே அரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சேர்த்தே ஒன்று. பல துளைத் துப்பாக்கிகள் உள்ள வீட்டில் தோட்டாக்களைக் கலந்து வைக்காதீர்கள். 20 போர்த் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிச் சென்று துளையின் தொடக்கத்தில் சிக்கி நிற்கும். அறை காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்து முன்கையைச் சிதைக்கும். 20 போர்த் தோட்டாவின் கூட்டுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இந்த ஒரு விபத்தைத் தடுப்பதற்காகவே ஏற்பட்டது. 28 போர்த் தோட்டாவும் 20 போர்க் குழலில் இவ்வாறே சிக்கக்கூடும். பையில் ஒரு வகைத் தோட்டாவுக்கு மேல் எடுத்துச் செல்லாமல் இருப்பதே தப்பாத வழி.

கேள்வி: புதிதாக ஒரு சிறுதுளை இரட்டைக் குழல் வாங்கப் போகிறேன். 28 போரா, 410-ஆ?

பதில்: ஒன்றே ஒன்று வாங்குவதானால் 28 போர். அதன் தோட்டாவில் வழக்கமாக 21 கிராம் ரவை இருக்கும். மூன்று அங்குல 410 தோட்டாவிலும் ஏறத்தாழ 19.5 கிராம் இருக்கிறதே, வேறுபாடு மிகச் சிறிதல்லவா என்று கேட்கலாம். எடையில் சிறிதுதான். ஆனால் 10.4 மி.மீ. குழலுக்குள் அந்த 19.5 கிராம் ரவை அடுக்கப்படும்போது அதன் உயரம் அகலத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டும். அடியில் இருக்கும் ரவைகள் மேலுள்ள சுமையால் நசுங்கும், ஓரத்தில் இருப்பவை குழல் சுவரில் உரசித் தேயும். உருண்டை வடிவம் இழந்த ரவை நேராகப் பறப்பதில்லை. விலகியும் பின்தங்கியும் போகும். நெகிழித் தக்கைக் கிண்ணங்கள் வந்தபின் உரசல் குறைந்தது. நசுங்கல் அப்படியே இருக்கிறது. 28 போரில் அதே அளவு ரவை அகலமாகப் பரந்து உட்கார்வதால் கூட்டம் கலையாமல் போகிறது. இதனால் 28 போர்க்காரருக்கு 27, 28 மீட்டர் வரை நம்பிக்கையோடு சுட முடிகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது விசையமைப்பு உடலின் அளவு. 20 போருக்குச் செய்த உடலில் சிறிய குழல்களைப் பொருத்தி விற்பதுண்டு. அவற்றில் குழல் சுவர் கனத்து, எடை முழுவதும் முன்பக்கம் சாயும். சிறுதுளையை நாடுவதற்கான காரணமே அங்கே போய்விடும். துளைக்கு ஏற்றபடி உடலும் சிறுத்துச் செய்யப்பட்டதைக் கையில் எடுத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

கேள்வி: 410-க்கு ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் கிடைக்கிறது. காட்டுப்பன்றிக்குப் பயன்படுமா?

பதில்: படாது. வழக்கமான 410 ஒற்றைக் குண்டின் எடை சுமார் 6 கிராம். பன்றிக்கும் மானுக்கும் அது போதாது. காயப்பட்ட பன்றி சுட்டவருக்கும் ஆபத்து.

கேள்வி: தானியக் கிடங்கில் எலித் தொல்லை தாங்கவில்லை. இந்தத் துப்பாக்கியால் கூரைக்குச் சேதம் வராமல் சமாளிக்க முடியுமா?

பதில்: தொலைவு 8 முதல் 10 மீட்டருக்குள் இருக்குமானால், கிடைக்கும் ரவைகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து, சுருக்கம் குறைந்த குழலிலிருந்து சுடுங்கள். பறவையியலாளர்கள் முன்பு அருங்காட்சியகங்களுக்குச் சிறு பறவைகளைச் சிதையாமல் சேகரிக்க இத்தகைய தூள் ரவையைத்தான் சிறுதுளைக் குழல்களில் பயன்படுத்தினார்கள். அதன் வேகம் விரைவில் அடங்கிவிடும். ஆயினும் மெல்லிய தகட்டுக் கூரையையும் கண்ணாடியையும் அது துளைக்கும் என்பதால் மேல்நோக்கிச் சுட வேண்டாம். மூட்டைகளோ மண் சுவரோ பின்னணியாக இருக்கும் பக்கம் மட்டும் சுடுங்கள். காற்றில் மாவுத்தூசு நிறைந்திருக்கும் வேளையில் அறவே கூடாது, தூசு தீப்பற்றும். ஈய ரவை தானியத்தில் கலக்கும் வாய்ப்பு இருந்தாலும் கூடாது. இவற்றில் ஒன்றைத் தவிர்க்க முடியாவிட்டாலும் எலிப்பொறிதான் வழி என்பதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈய ரவைக்குப் பதிலாக எஃகு ரவையை என் பழைய 28 போரில் பயன்படுத்தலாமா?

பதில்: பழைய குழலில் வேண்டாம். எஃகு நசுங்காது, சுருக்கம் மிகுந்த மெல்லிய வாயில் நெருக்கி வெளியேறும்போது குழலைப் புடைக்கச் செய்யும். மேலும் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகினுடையது 7.8 தான்; அதே தொலைவில் அதே வலிமை வேண்டுமானால் பெரிய ரவை தேவைப்படும், பெரிய ரவை என்றால் எண்ணிக்கை இன்னும் குறையும். ஏற்கெனவே எண்ணிக்கையில் ஏழையான சிறுதுளைக்கு இது இரட்டை இழப்பு.

ஆனால் ஈயத்தை விடவேண்டும் என்ற உங்கள் அக்கறை நியாயமானது. நீர்நிலைகளில் விழுந்த ஈய ரவையை வாத்துகள் இரையை அரைக்க உதவும் சிறு கல் என்று எண்ணி விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுவதும் ஈயம் தடை செய்யப்பட்டது இதனால்தான். உங்களுக்கு ஏற்றது பிஸ்மத் ரவை. அடர்த்தி 9.6, ஈயத்தைப் போல மென்மையானது என்பதால் பழைய குழலுக்கும் பொதுவாக ஒத்துவரும். இருந்தாலும் தோட்டாவின் அழுத்த அளவு உங்கள் குழலின் முத்திரைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 18 அடர்த்தியுள்ள டங்ஸ்டன் ரவை 410-ஐ முன்பு எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோயிருப்பது உண்மை. அது மிகக் கடினமானது. தகுந்த புதிய குழல்களுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: என் 410-இல் இடக் குழலால் சுட்டால் எதுவுமே விழுவதில்லை. வாய்ச் சுருக்கத்தை அறுத்துத் திறந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: அறுத்த சுருக்கத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் தாளில் சுட்டுப் பாருங்கள். ஒன்றேகால் மீட்டர் சதுரமுள்ள தாளை, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, 20 மீட்டரிலிருந்து இடக் குழலால் ஐந்து தாள்கள், வலக் குழலால் ஐந்து தாள்கள் சுடுங்கள். ஒரு தாளை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரே பெட்டித் தோட்டாக்களே தாளுக்குத் தாள் வேறுபடும். ரவை அடர்ந்த இடத்தை நடுவாகக் கொண்டு 76 செ.மீ. வட்டம் வரைந்து எண்ணுங்கள்.

மூன்றில் ஒன்று தெரியவரும். வட்டத்தின் நடு உங்கள் புள்ளியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு ஒரே பக்கம் விலகியிருந்தால், பழுது சுருக்கத்தில் இல்லை. குழல்கள் ஒன்றோடொன்று இணைந்த கோணத்திலோ உங்களுக்குப் பொருந்தாத பின்கட்டையிலோ இருக்கிறது. கட்டையைப் பணியாளர் வளைத்துச் சரிசெய்ய முடியும். நடு சரியாக இருந்து, ரவை முழுவதும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவில் குவிந்திருந்தால், 20 மீட்டருக்கு அந்தச் சுருக்கம் மிகுதி என்று பொருள். அப்போதும் அறுப்பதற்கு முன் வேறு நிறுவனத் தோட்டா, சற்றுச் சிறிய ரவை என்று இரண்டு மூன்றை மாற்றிப் பாருங்கள். நடுவும் சரி, விரிவும் சரி, ஆனால் வட்டத்துக்குள் கை நுழையும் அளவு வெற்றிடங்கள் அங்கங்கே இருக்குமானால் ரவை பெரிதாக இருக்கிறது. அதே எடையில் சிறிய ரவைக்கு மாறினால் அந்த இடங்கள் நிரம்பும். தோட்டாப் பெட்டியிலுள்ள ரவை எண் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், எண்ணைப் பார்க்காமல் மி.மீ. அளவைப் பார்த்து வாங்குங்கள்.

சரியான தோட்டா கிடைத்தபின் தாளை 2 மீட்டர், 2 மீட்டராகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். வட்டத்துக்குள் எண்ணிக்கை 120-க்குக் கீழே விழும் தொலைவு எதுவோ, அதற்கு முந்தைய தொலைவே அந்தக் குழலின் எல்லை. அதை ஒரு சிறு தாளில் எழுதித் தோட்டாப் பையின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். வலக் குழலுக்கு ஓர் எண், இடக் குழலுக்கு ஓர் எண்.